எட்டாயிரம் பிரிண்ட்கள்: ஹெர்மன் லியோனார்டின் ஜாஸ் படங்களும் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளமும்

2005 ஆகஸ்ட் 29 காலை, நியூ ஆர்லியன்ஸ் நகரின் லேக்வியூ பகுதியை ஒட்டி ஓடும் பதினேழாம் தெருக் கால்வாயின் வெள்ளத் தடுப்புச் சுவர் சரிந்தது. கத்ரீனா புயல் கரையைக் கடந்த நாள் அது. உடைப்புக்குக் கிட்டத்தில்தான், ஜாஸ் கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்ற புகைப்படக்காரர் ஹெர்மன் லியோனார்டின் வீடும் ஸ்டூடியோவும் இருந்தன. அவருக்கு அப்போது 82 வயது. தன் கையால் போட்டு வைத்திருந்த பிரிண்ட்களில் எட்டாயிரத்துக்கும் மேல் அந்தத் தண்ணீரில் போயின. நெகடிவ்கள் தப்பித்தன. புயலுக்கு முன்பே அவருடைய உதவியாளர்கள் அவற்றை ஆக்டன் தென்மாநிலக் கலை அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிற எவரும் முதலில் சொல்வது, "நல்லவேளை, நெகடிவாவது தப்பித்ததே" என்பதுதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கொஞ்ச காலம் இருட்டறையில் பிரிண்ட் போட்டுப் பழகியவன் என்பதால் அந்த நிம்மதி எனக்கு நெடுநேரம் நிலைக்கவில்லை. அன்று எது போனது, எது தப்பித்தது, ஏன் அப்படி ஆனது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். லியோனார்டை நினைவுகூர எனக்குத் தெரிந்த மரியாதையான வழியும் இதுதான்.

கார்ஷிடம் ஒரு வருடம்

லியோனார்ட் 1923 மார்ச் 6-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுனில் பிறந்தவர். ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம். ஒன்பது வயதில் அண்ணனின் இருட்டறையில் வெற்றுக் காகிதத்தில் படம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தார். தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் ஒரு கறுப்பு, அப்புறம் ஒரு கண், அப்புறம் முகம். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஒஹையோ பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலை படிக்கச் சேர்ந்தார். அதற்குப் பட்டப் படிப்பு வைத்திருந்த இடங்கள் அன்று மிக அரிது. நடுவில் போர் வந்தது. ராணுவத்தின் புகைப்படப் பிரிவில் சேர முயன்று, டெவலப்பரின் ரசாயனக் கலவை பற்றிய கேள்விக்குப் பதில் தெரியாமல் தேர்வில் தோற்றார். மருத்துவப் பிரிவில் போட்டு பர்மாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கேமராவை விடவில்லை. இருட்டான இரவுகளில் தன் ராணுவ ஹெல்மெட்டையே தட்டாக வைத்து ஃபிலிம் கழுவினார்.

1947-ல் படிப்பை முடித்ததும் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய் யூசுஃப் கார்ஷிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சர்ச்சிலின் புகழ்பெற்ற படத்தை எடுத்த அதே கார்ஷ்தான். ஐன்ஸ்டைனைப் படமெடுக்கக் கார்ஷ் போனபோது உடன் விளக்குத் தூக்கியவர்களில் லியோனார்டும் ஒருவர். உண்மையைச் சொல், ஆனால் அழகாகச் சொல் என்பதுதான் கார்ஷிடமிருந்து தான் எடுத்துக்கொண்ட பாடம் என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். கார்ஷ் விளக்கை வைத்தே முகத்தைச் செதுக்குகிறவர். அந்தப் பழக்கம் அவர் மாணவரோடு நியூயார்க்கின் ஜாஸ் கிளப்புகளுக்குள் நுழைந்தது.

இரண்டு ஃபிளாஷ், நிறையப் புகை

1948-ல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில், சல்லிவன் தெருவில், லியோனார்ட் சொந்த ஸ்டூடியோ திறந்தார். பகலில் வயிற்றுப்பாட்டுக்கு மற்ற வேலைகள். இரவில் ராயல் ரூஸ்ட், அதன் பிறகு பேர்ட்லேண்ட் என்ற ஜாஸ் கிளப்புகள். கிளப்புக்குள் போகக் காசு கிடையாது. அதனால் முதலாளிகளிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: வாசலில் மாட்டவும் விளம்பரத்துக்கும் படம் தருகிறேன், என்னை உள்ளே விடுங்கள். வாசித்தவர்களுக்கும் பிரிண்ட் கொடுத்தார். சார்லி பார்க்கர், பில்லி ஹாலிடே, மைல்ஸ் டேவிஸ் என்று இன்று நாம் சுவரில் மாட்டிவைக்கும் முகங்களெல்லாம் அவருக்கு இப்படித்தான் பழக்கமாயின.

அவர் கையில் இருந்தது ஸ்பீட் கிராஃபிக். நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் என்ற அளவில் தனித்தனித் தாளாக ஃபிலிம் போடும் பெரிய கேமரா. ஒரு படம் எடுத்ததும் தாளை மாற்ற வேண்டும். மேடையில் சாக்ஸஃபோன் பாய்ந்துகொண்டிருக்கும்போது மளமளவென்று பத்துப் படம் எடுப்பதெல்லாம் நடக்காது. ஃபிலிமின் வேகமும் குறைவு, அறையோ இருட்டு. உணர்திறனைக் கூட்டுவதற்காகப் பாதரச ஆவியில் காட்டுகிற வேலையும் செய்திருக்கிறார். நச்சான வேலை அது, இன்று யாரும் செய்யத் துணிய மாட்டார்கள்.

விளக்கில்தான் அவருடைய கைவண்ணம் தெரிகிறது. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படக்காரர்கள் கேமராவின் மேலேயே ஃபிளாஷை மாட்டி நேரே முகத்தில் அடிப்பார்கள். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும், பின்னால் சுவரில் கறுப்பாக நிழல் விழும், கிளப்பின் இருட்டு காணாமல் போய்விடும். லியோனார்ட் தன்னிடமிருந்த இரண்டு ஃபிளாஷ்களையும் கேமராவிலிருந்து தள்ளி வைத்தார். ஒன்று கிளப்பின் ஸ்பாட்லைட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று கலைஞருக்குப் பின்னால். முன்னாலுள்ள விளக்கு, அந்த அறையில் ஏற்கெனவே இருந்த வெளிச்சத்தைப் போலவே நடந்துகொண்டது. பின்னாலுள்ள விளக்கு புகையைப் பிடித்தது.

புகைக்கு ஒரு குணம் உண்டு. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மங்கலான சாம்பலாகத் தெரியும், பல நேரம் தெரியவே தெரியாது. பின்னாலிருந்து அடித்தால் துகள்கள் வெளிச்சத்தைக் கேமரா பக்கம் சிதறடிக்கும். பின்னணியும் கறுப்பாக இருந்துவிட்டால் புகை ஒளிர ஆரம்பிக்கும். 1948-ல் ராயல் ரூஸ்டில் எடுத்த டெக்ஸ்டர் கார்டன் படம் இதற்கு உச்சம். மடிமேல் டெனர் சாக்ஸஃபோன், கையில் சிகரெட், சற்றே மேல்நோக்கிய முகம், தலைக்கு மேல் முழுக்கப் புகை. பின்னால் டிரம்ஸோடு கென்னி கிளார்க். கார்டன் அந்த நொடியில் வாசிக்கவில்லை, ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்தப் படத்தில் சங்கீதம் கேட்கிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. வாசித்து முடித்த ஒரு நொடியில் காற்றில் என்ன மிச்சமிருக்குமோ, அது அந்தப் புகையில் இருக்கிறது என்பேன்.

கச்சேரி நடக்கும்போதே எடுத்ததில் எனக்குப் பிடித்தது, டவுன்பீட் கிளப்பில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடும் படம். முன்வரிசை மேசையில் பியானோ கலைஞர் டியூக் எலிங்டன். முகம் முழுக்கச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் பென்னி குட்மேன். பாடகியின் முகத்தைவிட எலிங்டனின் முகத்தில்தான் அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்பது தெரிகிறது. நல்ல சபையைக் கண்ட எவருக்கும் அந்த முகம் புரியும்.

கட்டிலுக்கு அடியில்

1956-ல் நடிகர் மார்லன் பிராண்டோ தன் கிழக்காசியப் பயணத்துக்கு லியோனார்டைப் படக்காரராகக் கூட்டிப்போனார். அப்புறம் பாரிஸ். பார்க்லே இசைத்தட்டு நிறுவனத்துக்கு வேலை, ஃபேஷன், விளம்பரம், பிளேபாய் இதழின் ஐரோப்பியப் படக்காரர் பொறுப்பு. பாரிஸிலும் ஜாஸ் கலைஞர்களைப் படமெடுத்தார். 1958-ல் எடுத்த எலிங்டன் படம், மேலிருந்து இறங்கும் ஒளிக்கற்றைக்குள் பியானோவின் முன் உட்கார்ந்திருப்பது, அந்தக் காலத்தது. ஆனால் நாளாக ஆக மற்ற வேலைகள் ஜாஸை ஓரங்கட்டின. 1980-ல் குடும்பத்தோடு ஸ்பெயினின் இபிஸா தீவில் குடியேறினார்.

நியூயார்க் நாட்களின் நெகடிவ்கள் இத்தனை காலமும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. எடுத்த காலத்தில் அவற்றுக்குப் பெரிய விலை எதுவும் இல்லை. நாடு மாறும்போது, வீடு மாறும்போது, தூக்கிப் போடுவதற்கு எத்தனையோ காரணங்கள் கிடைத்திருக்கும். அவர் போடவில்லை. 1985-ல் பாரிஸில் அவருடைய ஜாஸ் படங்கள் புத்தகமாக வந்தன. 1988-ல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் முதல் கண்காட்சி. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதர் தன் இருபதுகளின் வேலைக்காகப் பெயர் பெற்றார். ஸ்மித்சோனியன் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 1991-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழாவில் மைல்ஸ் டேவிஸை மறுபடி படமெடுத்தார். இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 28-ல், மைல்ஸ் இறந்துபோனார்.

தொண்ணூறுகளில் ஒரு கண்காட்சிக்காக நியூ ஆர்லியன்ஸ் போனவருக்கு ஊர் பிடித்துப்போனது. அங்கேயே தங்கிவிட்டார். ஜாஸ் பிறந்த ஊரில், தெருவிலேயே கொம்பு ஊதிக்கொண்டு போகிறவர்கள் நடுவே, மறுபடி இருட்டறைக்குள் நுழைந்து பழைய நெகடிவ்களிலிருந்து பிரிண்ட் போட ஆரம்பித்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டது இந்த வருடங்களைத்தான்.

சுவர் ஏன் சரிந்தது

கத்ரீனாவை இயற்கைப் பேரிடர் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். லேக்வியூ விஷயத்தில் அது சரியில்லை. கடல் பொங்கி பான்ட்சார்ட்ரெய்ன் ஏரி உயர்ந்தது, ஏரியிலிருந்து கால்வாய்க்குள் நீர் ஏறியது, இதுவரை புயலின் வேலை. ஆனால் பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர், தண்ணீர் அதன் உச்சியைத் தாண்டும் முன்னரே சரிந்தது. மண்ணுக்குள் எஃகுத் தகடுகளை இறக்கி, மேலே கான்கிரீட் சுவர் எழுப்பிய கட்டுமானம் அது. நீரின் அழுத்தத்தில் சுவர் வெளிப்பக்கம் வளைய, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்க, அடியிலிருந்த மென்மையான களிமண் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. 450 அடி நீளத்துக்கு உடைப்பு. வடிவமைப்பில் பிழை இருந்ததை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2006-ல் ஒப்புக்கொண்டது.

உடைப்பு விழுந்தது கால்வாயின் கிழக்குக் கரையில், அதாவது லேக்வியூ பக்கம். மேற்குக் கரை நின்றது. நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. லேக்வியூவில் பல வீடுகளில் எட்டடிக்கும் மேல் தண்ணீர். ஆக்டன் அருங்காட்சியகம் இருந்த கேம்ப் தெருவோ மிசிசிப்பி ஆற்றுக்குப் பக்கத்து மேட்டு நிலம். வெள்ளம் அங்கே ஏறவில்லை.

தண்ணீருக்குள் ஒரு பிரிண்ட்

கறுப்பு வெள்ளை பிரிண்ட் தண்ணீரிலேயே உருவாகிற பொருள். டெவலப்பரில் ஊறி, ஃபிக்ஸரில் ஊறி, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசப்பட்டுத்தான் வெளியே வருகிறது. ஆகவே கொஞ்ச நேரம் நனைவதால் மட்டும் அது செத்துவிடாது. மேலே வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் படலம். நீர் பட்டால் அது ஊதும், மெதுமெதுவென்று ஆகும். சுத்தமான குளிர்ந்த நீரில் உடனே எடுத்துக் கழுவித் தனித்தனியே காயவைத்தால் பிழைக்கும். அதற்கு அவகாசம் இல்லையென்றால் உறையவைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். இரண்டு நாட்களுக்குள் இதில் ஏதாவது நடந்தாக வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் அது நடக்க வழியே இல்லை. ஆகஸ்ட் கடைசி, கொதிக்கும் வெயில், மின்சாரம் கிடையாது. ஏரி நீர் கொஞ்சம் உப்பு கலந்தது, அதோடு சாக்கடையும் எண்ணெயும் சேர்ந்துகொண்டன. ஊரை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற உத்தரவு. முழு நகரத்திலும் நீரை இறைத்து முடிக்க அக்டோபர் இரண்டாம் வாரம் ஆயிற்று. அடுக்கி வைத்த பிரிண்ட்கள் இப்படி வாரக்கணக்கில் நனைந்து கிடந்தால், ஊதிய ஜெலட்டின் மேலே உள்ள தாளின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது அடுக்கு முழுவதும் ஒரே செங்கல்லாக இறுகும். பிரித்தால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகோடு உரிந்து வரும். மிச்சத்தைப் பூஞ்சை தின்றுவிடும். லியோனார்ட் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனதை ஓர் ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. அவர் பார்க்க நேர்ந்தது இதைத்தான்.

நாளைக்குப் பத்து நல்ல பிரிண்ட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், எட்டாயிரம் என்பது 800 நாள் வேலை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தப் பிரிண்ட்களோடு, ஒவ்வொரு நெகடிவுக்கும் அவர் எழுதி வைத்திருந்த எக்ஸ்போஷர் குறிப்புகளும் போயின. இருட்டறையைப் பார்க்காதவர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியாது. நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியான என்லார்ஜரில் நெகடிவை வைத்து வெளிச்சம் பாய்ச்சினால் படம் தானாக வந்துவிடும் என்று நினைப்போம். வரும், ஆனால் சப்பென்று வரும். முகத்துக்கு இத்தனை விநாடி, அந்த நேரத்தில் சில விநாடிகள் கன்னத்தின் மேல் கையைக் காட்டி மறைக்க வேண்டும், வலது மூலைக்கு மட்டும் தனியாக இன்னும் இத்தனை விநாடி பாய்ச்சிக் கறுப்பாக்க வேண்டும். லியோனார்டின் படங்களில் இது இன்னும் கடினம், ஏனென்றால் அவருடைய படத்தின் உயிரே புகை. தாளுக்கு வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் புகையின் சுருள்கள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாக நிற்கும். கொஞ்சம் கூடினால் அழுக்குச் சாம்பலாகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு புள்ளியைப் பல தாள்களைக் கெடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் குறித்து வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்புதான் போனது.

நெகடிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் சுரக்குறிப்பைப் பார்த்து மட்டும் யாரும் ஒரு ராகத்தைக் கற்றுக்கொள்வதில்லை என்பதால் இந்த ஒப்புமை நமக்கு இன்னும் நன்றாகவே பிடிபடும். கமகம் குறிப்பில் இருக்காது, பாடுகிறவரின் தொண்டையில் இருக்கும். லியோனார்டின் கமகம் அந்த நோட்டுகளில் கொஞ்சமாவது எழுதப்பட்டிருந்தது.

நெகடிவை முதலில் தூக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புயல் திசை மாறி நியூ ஆர்லியன்ஸை நோக்கித் திரும்பியது தெளிவானது வெள்ளிக்கிழமை மாலைதான். கட்டாய வெளியேற்ற உத்தரவு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நெருக்கடியில், மறுபடி உண்டாக்கவே முடியாத ஒரே பொருளை அவர்கள் சரியாக எடுத்தார்கள். அது இல்லையென்றால் இன்று பேச எதுவுமே மிஞ்சியிருக்காது. எனக்கு உறுத்துவது அந்த இரண்டு நாளல்ல, அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்கள். படங்களைப் பத்திரப்படுத்துகிறவர்களின் பட்டியலில் நெகடிவ் வரும், பிரிண்ட் வரும். பிரிண்ட் போட்டவர் கிறுக்கி வைத்த தாள் வராது. அதைப் படம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் மொத்தச் சேகரிப்பிலும் மிகக் குறைந்த இடத்தை அடைப்பது அதுதான். ஒருமுறை நகலெடுத்து வேறு ஊரில் வைத்திருந்தால் போதும்.

எண்பத்திரண்டு வயதில்

லியோனார்ட் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். அந்த வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். 2008-ல் கிராமி அறக்கட்டளை, அவருடைய ஏறக்குறைய அறுபதாயிரம் ஜாஸ் நெகடிவ்களை ஸ்கேன் செய்து, பட்டியலிட்டு, பாதுகாக்க நிதி கொடுத்தது. இங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. பல பத்து வருடங்களாக ஒருமுறைகூடப் பிரிண்ட் ஆகாமல் கிடந்த படங்கள் திரையில் வெளிச்சத்துக்கு வந்தன. பழைய நாட்களில் ஒரு சுருளிலிருந்தோ தாள் அடுக்கிலிருந்தோ ஒன்றிரண்டைத் தேர்ந்து மற்றதை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியவற்றை இப்போது எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. இது யார், எந்த இடம், எந்த இரவு என்று சொல்ல அவர் இருந்தார். அந்தச் சில வருடங்கள் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் பல முகங்கள் பெயரில்லாமலே நின்றிருக்கும்.

2010 ஆகஸ்ட் 14-ல், 87 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அவருடைய ஜாஸ் படங்களின் பெரிய தொகுப்பு நூல் அந்த ஆண்டின் இறுதியில்தான் அச்சாகி வந்தது.

தப்பித்தவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அருங்காட்சியகத்துக்குப் போன நெகடிவ்கள், ஸ்மித்சோனியனுக்குப் போன பிரிண்ட்கள், வாங்கிப்போனவர்களின் வீட்டுச் சுவர்களில் உள்ளவை, அன்று கிளப்பில் வாசித்தவர்களுக்குச் சும்மா கொடுத்தவற்றில் மிஞ்சியவை. எல்லாமே அந்த வீட்டை விட்டு வெளியே போனவை. கையோடு வைத்துக்கொண்டதுதான் மூழ்கியது.

1956-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த, சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் படம் ஒன்று இருக்கிறது. அதில் லெஸ்டர் யங் இல்லை. சாக்ஸஃபோன் பெட்டி, அதில் மாட்டிய அவருடைய தட்டைத் தொப்பி, இசைக்குறிப்புத் தாள், ஒரு கோக் பாட்டில். பாட்டிலின் வாயில் எரிந்துகொண்டே நிற்கும் ஒரு சிகரெட், அதிலிருந்து நூல்போல ஏறும் புகை. ஆள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார், சிகரெட் அணைவதற்குள் வந்துவிடுவார் என்று தோன்றும். மூன்றே வருடத்தில் லெஸ்டர் யங் இறந்துவிட்டார். அந்த நெகடிவிலிருந்து இன்று யார் பிரிண்ட் போட்டாலும் தொப்பி வரும், பாட்டில் வரும். அந்தப் புகை நூலை எவ்வளவு வெளுப்பாக விட வேண்டும் என்பதற்கு மட்டும், 2005-க்கு முன்பு லியோனார்ட் தன் கையால் போட்டு யாருக்காவது கொடுத்த ஒரு பிரிண்டைத் தேடிப்போய்ப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.